ஹைட்ராலிக்: பெயரில் தண்ணீர், தொட்டியில் எண்ணெய்

மண் தோண்டி அள்ளும் பேக்ஹோ லோடரின் கைகளை அசைப்பது ஹைட்ராலிக், அதாவது பம்ப் தள்ளும் எண்ணெயால் இயங்கும் அமைப்பு. அதன் தொட்டியில் எண்ணெய் மட்டம் பார்க்க ஒரு சிறு கண்ணாடி இருக்கும். அதில் எண்ணெய் தெளிவாகத் தெரிய வேண்டும். பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. பம்ப் தேயும், உட்பாகங்கள் துருப்பிடிக்கும். தண்ணீரே ஆகாத இந்த அமைப்பின் பெயர் பிறந்தது தண்ணீரிலிருந்துதான்.

கிரேக்கத்தில் 'ஹுடோர்' என்றால் நீர், 'ஔலோஸ்' என்றால் குழல். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த க்டெசிபியஸ், நீரின் எடையால் காற்றைச் சீராக அழுத்திக் குழல்களை ஒலிக்கவைக்கும் இசைக்கருவி ஒன்றைச் செய்தார். அதன் பெயர் 'ஹுட்ராலிஸ்'. 1795இல் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற அழுத்துபொறியும் நீரால் இயங்கியதே. உராய்வைக் குறைக்கும், துருவைத் தடுக்கும் என்பதால் பிறகு எண்ணெய் வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. நமக்கு இது புதிதல்ல: எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று எள்ளுக்குத் தொடர்பே இல்லாததையும் அப்படித்தான் அழைக்கிறோம்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'நீரியல்' என்பது நீர்வளத்தை ஆராயும் துறையையும் குறிப்பதால் குழப்பும். 'நீரழுத்தம்' பரவலாகப் புழங்குகிறது; எனக்கு அதில் உடன்பாடில்லை. நீர் அங்கே இல்லை என்பது ஒரு காரணம். அழுத்தத்தை மட்டும் சொல்வது அதைவிடப் பெரிய குறை. பம்ப் தருவது ஓட்டம். அந்த ஓட்டத்தைச் சுமை எதிர்க்கும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது.

இந்த வேறுபாடு பழுது பார்க்கும் இடத்தில் கண்கூடாகத் தெரியும். வெறும் பக்கெட்டையே பூம் (தூக்கும் கை) மெதுவாகத்தான் தூக்குகிறதென்றால் முதலில் ஓட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும்: எண்ணெய் குறைவா, உறிஞ்சும் பக்க வடிகட்டி அடைப்பா, பம்ப் தேய்மானமா? வெறும் பக்கெட் விறுவிறுவென்று ஏறி, மண் நிறைந்ததும் நின்றுவிட்டால் அழுத்தம் எங்கோ கசிகிறது. அழுத்தம் எல்லை மீறாமல் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வைச் சோதிக்கலாம். எல்லா அசைவும் மந்தமென்றால் பொதுவான பகுதியில் கோளாறு. ஒன்று மட்டும் மந்தமென்றால் அதன் சிலிண்டர் சீலையோ, கட்டுப்பாட்டு வால்வில் அதற்குரிய ஸ்பூலையோ (எண்ணெயின் வழியை மாற்றும் தண்டு) பார்க்க வேண்டும். 'பிரஷர் இல்லை' என்று எடுத்த எடுப்பில் ரிலீஃப் வால்வைத் திருகி ஏற்றினால் ஓட்டக் குறை தீராது. ஹோஸ் வெடிக்கும் ஆபத்துதான் கூடும்.

அதனால் என் தேர்வு 'நீர்மவிசை'. நீர்மம் என்றால் நீர்போல் ஓடும் எதுவும். எண்ணெயும் அதில் அடங்கும். காற்றால் இயங்குவதைக் 'காற்றுவிசை' என்றால் இரண்டும் இணையாக நிற்கும். காற்று அமுங்கும், நீர்மம் ஏறத்தாழ அமுங்காது. எண்ணெயில் காற்றுக் கலந்தால் அசைவு பஞ்சுபோல் துள்ளுவது இதனால்தான். கூடவே தொட்டியில் நுரை எழும், பம்ப் ஊளையிடும். பட்டறையில் பம்ப், சீல், ஹோஸ் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவை தமிழாகிவிட்ட சொற்கள்.

கசிவைத் தேடும்போது மட்டும் கையால் தடவாதீர்கள். 200 பாருக்கு மேல் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார்) அழுத்தம் ஏறும் ஹோஸில் ஊசித்துளை போதும், எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறு புள்ளியாகத்தான் தெரியும். ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். தேடுவதற்கு ஓர் அட்டைத் துண்டைத் தள்ளிப் பிடியுங்கள், எண்ணெய்க் கறை இடத்தைக் காட்டிவிடும்.