இறுகும் மூச்சுக்குழாயும் மெக்னீசியமும்

ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் மென்தசை, மற்றவர்களுக்கு ஒரு தும்மலோடு போய்விடும் தூசிக்கும் புகைக்கும் குளிர்காற்றுக்கும்கூட இறுகிக்கொள்கிறது. இந்த மிகையுணர்வை அளப்பதற்கு, மூச்சுக்குழாயை இறுகச் செய்யும் மெத்தகோலின் என்னும் மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி உள்ளிழுக்கச் செய்து, முதல் நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு எந்தக் கட்டத்தில் 20 சதவீதம் குறைகிறது என்று பார்ப்பார்கள்.

தசை இறுகுவதற்குக் கால்சியம் வேண்டும். செல்லின் வெளியிலிருந்து நுண்ணிய கால்வாய்கள் வழியாகவும், செல்லுக்குள்ளேயே உள்ள சேமிப்பறைகளிலிருந்தும் பெருகிவரும் கால்சியம் அயனிகள், கால்மோடுலின் என்ற புரதத்துடன் இணைந்து, தசையைச் சுருக்கும் மயோசின் இழைகளை முடுக்கும் நொதியைச் செயலுக்குக் கொண்டுவருகின்றன. கால்சியத்தைப் போலவே இரண்டு நேர்மின்னூட்டங்களைக் கொண்ட மெக்னீசியம் அந்தக் கால்வாய்களில் குறுக்கே நின்று கால்சியத்தின் நுழைவைக் குறைக்கிறது. தசையை இறுகத் தூண்டும் அசிடைல்கோலின் நரம்பு முனைகளிலிருந்து வெளிப்படுவதையும், ஒவ்வாமையின்போது மாஸ்ட் செல்கள் எனப்படும் நோயெதிர்ப்புச் செல்கள், மூச்சுக்குழாயை இறுகச் செய்யும் ஹிஸ்டமினைக் கொட்டுவதையும் அது மட்டுப்படுத்துகிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு, மெக்னீசியம் நிறைந்த உணவே போதுமே என்று தோன்றுவது இயல்பு. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 2,633 பேரிடம் நடத்தி 1994இல் வெளியான ஆய்வும் அந்த எண்ணத்துக்கு வலுச்சேர்த்தது: உணவில் மெக்னீசியம் கூடுதலாக இருந்தவர்களின் நுரையீரல் சற்று நன்றாக இயங்கியது, மெத்தகோலினுக்கு அவர்களின் மூச்சுக்குழாய் மிகையாக இறுகும் வாய்ப்பும் குறைவாக இருந்தது. ஆனால் கீரையும் கொட்டைகளும் முழுத்தானியமும் மிகுதியாக உண்பவர், வேறு பல வகைகளிலும் மற்றவரிலிருந்து வேறுபட்டவராக இருக்கலாம் அல்லவா? அதே நகரில் 300 ஆஸ்துமா நோயாளிகளைக் கொண்டு, ஒரு பிரிவினருக்கு 16 வாரங்கள் மெக்னீசியம் கொடுத்துப் பார்த்து 2003இல் வெளியான சோதனையில், போலிமாத்திரையைவிடக் கூடுதலான பயன் தென்படவில்லை. எனக்கு இது வியப்பளிக்கவில்லை. வாய்வழி உட்கொள்வதில் ஒரு பகுதியே குடலில் உறிஞ்சப்படுகிறது. மிகுதியானதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. உடலின் மெக்னீசியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானதே இரத்தத்தின் திரவப் பகுதியான சீரத்தில் இருப்பதால், சாதாரண இரத்தப் பரிசோதனையை வைத்து உடலில் அதன் இருப்பைச் சரியாகக் கணிக்கவும் இயலாது.

மருந்தை நுண்துளிகளாக்கி உள்ளிழுக்கச் செய்யும் நெபுலைசர் கருவியில் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சல்பூட்டமாலும், கூடவே வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டும் கொடுத்தும் மூச்சுத்திணறல் அடங்காத வேளையில்தான் மெக்னீசியம் வேறு முகம் காட்டுகிறது. பேதியுப்பு என்று கடைகளில் கிடைக்கும் அதே மெக்னீசியம் சல்பேட், ஊசிமருந்துக்கான தூய்மையுடன், பெரியவர்களுக்குப் பொதுவாக 2 கிராம் அளவில், ஏறத்தாழ 20 நிமிடங்களில் சிரைவழி செலுத்தப்படுகிறது. இரத்தத்தில் அதன் அளவு அப்போது சட்டென்று உயர்வதுபோல் எந்த மாத்திரையாலும் உயர்த்த முடியாது. 14 ஆய்வுகளிலிருந்து 2,313 பேரின் தரவுகளைத் திரட்டிய காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் 2014ஆம் ஆண்டு மதிப்பாய்வு, இவ்வாறு சிகிச்சை பெற்ற ஒவ்வொரு 100 பேரிலும் சுமார் 7 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்படும் நிலையிலிருந்து தப்பியதாகக் கணித்தது. ஆயினும், பிரிட்டனில் 1,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியிடப்பட்ட பெரிய சோதனையில் சிரைவழி மருந்தின் பயன் தெளிவாக நிறுவப்படவில்லை. நெபுலைசர் வழியாகக் கொடுத்த மெக்னீசியமோ கைகொடுக்கவே இல்லை. ஆகவே அவசரப் பிரிவுக்கு வரும் எல்லோருக்கும் இதை ஏற்றுவதில்லை. முதல்கட்ட மருந்துகளுக்கு இணங்காத கடுமையான தாக்குதலுக்கென்றே அது ஒதுக்கப்படுகிறது. ஏற்றும்போது முகம் சிவந்து உடல் சுடுவதுபோல் நோயாளி உணரக்கூடும், இரத்த அழுத்தமும் இறங்கக்கூடும் என்பதால் செவிலியர் அருகிலிருந்து கவனிப்பார்.