தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சாகாத செடி

ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டில் ஒரு சின்ன விதி உண்டு. ஒருநாள் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டால் செடி செத்துப்போவதில்லை. அன்றைக்கு வளராது, அவ்வளவுதான். மறுநாள் ஊற்றினால் விட்ட இடத்திலிருந்து மறுபடி வளரும். கோழிக்குத் தீனி வைக்கத் தவறினால் கோழிக்கு மனம் வாடும், ஆனால் உயிர் போகாது.

இந்த விதியை எனக்குச் சொல்லித்தந்தவர் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு செவிலியர். (இந்தக் கட்டுரையில் வருகிறவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. எந்தப் படுக்கைக்கு எத்தனை மணிக்கு எந்த மருந்து என்ற கணக்கு, வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். தூங்கப்போகும் முன் என்ன செய்வீர்கள் என்று வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதைப்போல அவரிடமும் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "கேம் விளையாடுவேன் மேடம். தோட்டம் போடுற கேம். நான் மறந்தா யாருக்கும் எதுவும் ஆகாத இடம் எனக்கு அது ஒண்ணுதான்" என்றார்.

அவர் தயங்கியதுதான் என்னை இதை எழுத வைத்தது. 34 வயதுப் பெண், நாள் முழுக்க உயிர்களைக் காத்துவிட்டு வந்து அரை மணி நேரம் தக்காளி நட்டதைச் சொல்லக் கூச்சப்படுகிறார். ஆலோசனை அறையில் இந்தக் கூச்சத்தை நான் பலமுறை பார்த்துவிட்டேன். துப்பாக்கி விளையாட்டைச் சொல்லும்போதுகூட இவ்வளவு நெளிய மாட்டார்கள்.

அன்று இரவே வாங்கி விளையாடிப் பார்த்தேன். அலுவலக மேசையில் சலித்துப்போன ஒருவருக்குத் தாத்தா எழுதிவைத்த கடிதத்தோடு கதை தொடங்குகிறது. புதர் மண்டிய ஒரு பழைய பண்ணை. முதல் நாள் காலையில் ஊர்த்தலைவர் வைத்துவிட்டுப் போன 15 பார்ஸ்னிப் விதைகள். மண்ணைக் கொத்தி, விதைத்து, பூவாளியால் தண்ணீர் ஊற்றினால் அந்தக் கட்டம் கருத்து ஈரமாகத் தெரியும். எது முடிந்தது, எது பாக்கி என்று ஒரே பார்வையில் விளங்கிவிடும். நான்கு நாளில் கிழங்கு. பிடுங்கும்போது 'பொளக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு பாத்தி போட்டேன்.

உளவியல் படித்தவள் என்பதால் அந்தக் கருத்த மண்ணை நான் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. இன்றைக்கு நம்மில் பலர் செய்யும் வேலைக்கு விளிம்பே கிடையாது. ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போட்டால் மூன்று வந்து நிற்கும். வீட்டு வேலையோ செய்தால் தெரியாது, செய்யாவிட்டால்தான் தெரியும். உழைப்புக்கும் பலனுக்கும் நடுவே எத்தனையோ ஆட்கள், எத்தனையோ மாதங்கள். பண்ணை விளையாட்டில் ஊற்றினால் நனைகிறது, நனைந்தால் வளர்கிறது, வளர்ந்தால் கைக்கு வருகிறது. மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் பயிற்சிகளில் ஒன்று, நாளுக்கு ஒரு சின்ன வேலையைத் தேர்ந்து முடித்து, முடித்ததைக் குறித்துவைப்பது. அந்தப் பயிற்சியை வேறு உருவத்தில் பார்ப்பதுபோல் இருந்தது. சிகிச்சைக்கு இது மாற்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் மனம் ஏன் அந்தப் பக்கம் சாய்கிறது என்பது அன்று எனக்குப் புரிந்தது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரு உளவியலாளர்கள் மனிதருக்கு மூன்று அடிப்படைத் தேவைகள் உண்டு என்றார்கள்: நம் விருப்பப்படி நடக்கும் உரிமை, நம்மால் முடியும் என்ற உணர்வு, நாலு பேரோடு ஒட்டுறவு. செவிலியரின் வாழ்க்கையில் முதலாவதற்கு இடமே இல்லை. பணி நேரத்தை வேறு யாரோ எழுதுகிறார்கள், விடுப்பை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். பண்ணையில் இன்று மீன் பிடிக்கலாமா, சுரங்கத்துக்குப் போகலாமா, ஒன்றும் செய்யாமல் கடற்கரையில் நடக்கலாமா என்பது அவர் கையில் இருந்தது.

இந்த வகை விளையாட்டுகள் பிறந்த கதையிலும் இதே ஏக்கம்தான் இருக்கிறது. ஜப்பானில் கிராமப்புறத்தில் வளர்ந்து டோக்கியோவுக்கு வேலைக்கு வந்த யசுஹிரோ வாடா, சண்டையே இல்லாத ஒரு விளையாட்டை உருவாக்க நினைத்து 1996-இல் ஹார்வெஸ்ட் மூனைக் கொண்டுவந்தார். அதை விளையாடி வளர்ந்த அமெரிக்கரான எரிக் பரோன் நாலரை ஆண்டுகள் தனி ஆளாக உட்கார்ந்து படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து 2016-இல் ஸ்டார்டியூ வேலியை வெளியிட்டார். 2024 முடிவதற்குள் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. 2020 மார்ச்சில், உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு தீவில் குடியேறி, நண்பர்களையும் அங்கே அழைத்துக்கொள்ளும் அனிமல் கிராசிங் நியூ ஹொரைசன்ஸ் என்ற விளையாட்டு வந்தது. அந்த மாதங்களில் என்னிடம் இணையவழி ஆலோசனைக்கு வந்தவர்களில் சிலர் அந்தத் தீவில்தான் நண்பர்களைச் சந்தித்தார்கள்.

ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் அந்த விளையாட்டையும் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு, எவ்வளவு நேரம் விளையாடினீர்கள் என்று ஆட்களைக் கேட்காமல், நிறுவனங்களிடமிருந்தே விளையாட்டு நேரக் கணக்கைப் பெற்று ஆராய்ந்தார்கள். நேரம் கூடக்கூட மனநலம் குறையும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. சிறிய அளவில் நேர்மாறான தொடர்புதான் தெரிந்தது. 2022-இல் ஏறத்தாழ 39,000 பேரிடம் 7 விளையாட்டுகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், விளையாடும் நேரம் மனநலத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்ததாகச் சொல்லத்தக்க அளவு எதுவும் தெரியவில்லை. பிடித்து விளையாடுகிறவருக்கும் விளையாடியே தீர வேண்டும் என்ற உந்துதலில் விளையாடுகிறவருக்கும் இடையில்தான் வேறுபாடு இருந்தது. அறையில் நான் காண்பதும் அதுவே. அதனால் 'எத்தனை மணி நேரம்?' என்பதை இப்போதெல்லாம் நான் இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். 'அங்கே என்ன கிடைக்கிறது?' என்பதே முதல் கேள்வி.

பெற்றோர்கள் இந்த இடத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். 16 வயதுப் பையனை ஓர் அம்மா அழைத்து வந்தார். முந்தைய வாரம் இரவு ஒன்றரை மணிக்கு அப்பா போய்க் கணினியின் கேபிளைப் பிடுங்கியிருக்கிறார். பையன் கத்தி, கதவை உதைத்து, இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருக்கிறான். "இதுக்கு அடிமையாயிட்டான் மேடம்" என்றார் அம்மா. தனியாக இருக்கும்போது அவனிடம் கேட்டேன், அன்று என்னப்பா நடந்தது என்று. "மழை பெஞ்சாத்தான் அந்த மீன் வரும் மேடம். மூணு நாளா பிடிக்கப் பார்த்தேன். அன்னைக்குத்தான் மாட்டுச்சு. படுக்கப் போறதுக்குள்ள அப்பா புடுங்கிட்டாரு."

அவன் விளையாடியதும் ஸ்டார்டியூ வேலிதான். அதில் வீட்டுக்குப் போய்ப் படுத்தால்தான் அன்றைய நாள் பதிவாகும். நடுவில் அணைத்தால் காலையிலிருந்து செய்தது அத்தனையும் அழிந்துவிடும். காலை 6 மணிக்குத் தொடங்கும் அந்த நாள், நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 14 நிமிடம். இதைத் தெரிந்துகொண்டால் சண்டைகளில் பாதி குறையும். "இப்பவே அணை" என்பதற்குப் பதிலாக "இந்த நாளை முடிச்சிட்டு வா" என்று சொல்லுங்கள். கால் மணி நேரத்தில் பிள்ளை எழுந்து வர ஒரு வாசல் திறக்கிறது. அந்த அம்மா இதைச் செய்து பார்த்தார். முதல் வாரம் அவன் இன்னொரு நாள், இன்னொரு நாள் என்று இழுத்தான். பிறகு எத்தனை நாள் என்று தொடங்கும்போதே இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

அந்த இழுப்பு உண்மையானது, அதை மறைக்கவும் கூடாது. படுத்ததும் அன்றைய வருமானக் கணக்கு வரும். அடுத்த நொடி சேவல் கூவி மறுநாள் விடிந்துவிடும். நாளைக்குப் பரங்கிக்காய் விளையும், நாளை மறுநாள் திருவிழா. எழுவதற்குத் தோதான இடமும் இன்னும் கொஞ்சம் உட்காரத் தூண்டும் இடமும் ஒன்றேதான். தூக்கச் சிக்கல் உள்ளவர்களிடம் நான் சொல்வது: படுக்கை நேரத்துக்கு ஒரு மணி முன்பே நிறுத்துங்கள், எந்த நாளில் நிறுத்துவது என்று அலாரத்தை நம்பாமல் விளையாட்டுத் தேதியை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டின் உள்ளேயே இரவு 2 மணிக்கு மேல் விழித்திருந்தால் உங்கள் பாத்திரம் மயங்கி விழும், மறுநாள் தெம்பு குறைவாகத்தான் எழும். அந்த விதி திரைக்கு வெளியே இருப்பவருக்கும் பொருந்தும்.

இன்னொரு வகையினரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. எதையும் பிசிறில்லாமல் செய்ய வேண்டும் என்று தன்னைத்தானே விரட்டிக்கொள்ளும் ஒரு கணக்காளர் வந்தார். ஓய்வுக்காகத்தான் தொடங்கினாராம். இரண்டே மாதத்தில் எந்தப் பயிர் எத்தனை நாளில் எவ்வளவு லாபம் என்று அட்டவணை. பருவத்துக்கு 28 நாள், அதில் ஒரு நாள் வீணானாலும் தாங்காமல் அந்த நாளை அழித்துவிட்டு மறுபடி விளையாடுவார். பருவம் மாறும்போது பழைய பயிர்கள் பட்டுப்போகும் என்பதால் 27-ஆம் தேதி இரவு நெஞ்சு படபடக்குமாம். அவரிடமிருந்து விளையாட்டைப் பிடுங்கவில்லை. ஒரு பருவம் முழுக்கப் பூச்செடி மட்டும் போடுங்கள், எதையும் விற்காதீர்கள் என்றேன். அவருக்கு அது மிகக் கடினமாக இருந்தது. எதையும் கணக்குப் பார்க்காமல் இருப்பதை நாங்கள் அந்தப் பூப்பாத்தியில்தான் பழகத் தொடங்கினோம். அலுவலகம் அதற்குப் பிறகுதான்.

எல்லாப் பண்ணை விளையாட்டும் ஒன்றல்ல. 2009-இல் ஃபேஸ்புக்கில் வந்த ஃபார்ம்வில்லை நினைவிருக்கலாம். ஸ்ட்ராபெரி நட்டால் 4 மணி நேரத்தில் விளையும், நிஜமான 4 மணி நேரம். உரிய நேரத்தில் வந்து பறிக்காவிட்டால் வாடிவிடும். கூட்டத்தின் நடுவிலும் பயணத்திலும் ஆட்கள் அதைத் திறந்து பார்த்தது அதனால்தான். 2020 டிசம்பர் 31-இல் அது மூடப்பட்டுவிட்டது, ஆனால் அந்த உத்தி மூடப்படவில்லை. இன்றைய இலவசக் கைபேசி விளையாட்டுகள் பலவற்றில் காத்திருப்பு நேரத்தை நீட்டிவைத்து, காசு கொடுத்தால் குறைக்கலாம் என்கிறார்கள். பிள்ளைக்கோ உங்களுக்கோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கச் சொல்வது இதைத்தான்: நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் பயிர் என்ன ஆகிறது? நீங்கள் வரும்வரை காத்திருக்கிறதா, வராததற்குத் தண்டிக்கிறதா? வைரம், நாணயம் என்று உள்ளே கடை இருக்கிறதா? ஸ்டார்டியூ வேலி போன்றவற்றை ஒருமுறை வாங்கினால் போதும், உள்ளே வேறு கடை கிடையாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அழகான படங்களைப் பார்த்துவிட்டுச் சிறுபிள்ளைகளுக்கானது என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டார்டியூ வேலியில் ஷேன் என்று ஒருவர் வருகிறார். குடிப்பழக்கம், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். நட்பு வளர்ந்த பிறகு ஒரு மழை நாளில் பாறை விளிம்பில் போதையில் கிடப்பார், வாழப் பிடிக்கவில்லை என்பார். விளையாடுகிறவர் அவரை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க, அந்த மருத்துவர் நகரத்தில் உள்ள ஓர் ஆலோசகரிடம் அனுப்புவதாகக் கூறுவார். பிள்ளையோடு சேர்ந்து பார்த்துப் பேச வேண்டிய காட்சி இது. கல்லூரி மாணவி ஒருவர் ஆறு அமர்வுகளாக என்னிடம் எதையும் சொல்லாமல் இருந்தார். ஏழாவதில், "ஷேனை அனுப்புனாங்கல்ல, அந்த மாதிரிதான் நானும் வந்திருக்கேன்" என்றார். அதற்குப் பிறகுதான் எங்கள் பேச்சே தொடங்கியது.

எப்போது கவலைப்பட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் மணிக்கணக்கு அளவுகோல் இல்லை. நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே முன்னால் நிற்பது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவற்றால் படிப்போ வேலையோ உறவோ உடலோ பெரிதும் சிதைவது, இந்நிலை பொதுவாக 12 மாதம் நீடிப்பது ஆகியவற்றையே பார்க்கிறோம். அவ்வளவு காலம் காத்திருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. தூக்கமும் குளியலும் சாப்பாடும் தள்ளிப்போகத் தொடங்கினாலே வாருங்கள். பல நேரங்களில் விளையாட்டுக்கு முன்பே வந்துவிட்ட சோர்வோ தனிமையோதான் உள்ளே இருக்கும்.

அந்தச் செவிலியர் இரவுப் பணியைக் குறைக்கக் கேட்டு வாங்கிக்கொண்டார். மருந்து நேரம் தவறிவிடுமோ என்ற பயத்துக்கு நாங்கள் தனியாகப் பல மாதம் வேலை செய்தோம். இப்போது விளையாடுவது அபூர்வம் என்றார். பண்ணை அப்படியே கிடக்கிறதே என்று லேசான வருத்தம் குரலில். அவர் கடைசியாகப் படுத்த அன்று அங்கே இரண்டாம் ஆண்டு, குளிர்காலம், 9-ஆம் தேதி. எப்போது திறந்தாலும் 10-ஆம் தேதி காலை 6 மணிதான்.