"எனக்குத் தெரியும் டாக்டர், அவர்தான் ஜெயிப்பார்"

சூதாடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு என் அறைக்குள் யாரும் நுழைவதில்லை. தூக்கமில்லை என்பார்கள், நெஞ்சு படபடக்கிறது என்பார்கள், வீட்டில் ஓயாத சண்டை என்பார்கள். 40 வயதைத் தாண்டிய அந்தப் பெண்மணியும் தூக்க மாத்திரை கேட்டுத்தான் வந்தார். இரண்டாவது சந்திப்பில் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். (எழுதிக்கொள்ளச் சம்மதித்தார், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து இழுத்த கட்டங்கள். டி.வி. ரியாலிட்டி நிகழ்ச்சியின் போட்டியாளர் பெயர், அன்றைய எபிசோடில் எத்தனை நிமிடம் திரையில் வந்தார், யாருடன் மோதினார், தொகுப்பாளர் யாரைப் பார்த்துச் சிரித்தார், எல்லாம் முத்துமுத்தான கையெழுத்தில். கடைசிக் கட்டத்தில் மட்டும் பென்சிலால் ஒரு தொகை, பந்தயம் கட்டியது. அழித்து அழித்து எழுதியதில் அந்த இடத்தில் தாள் நைந்துபோயிருந்தது.

"சீட்டாடுகிறவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள் டாக்டர். இதில் அதிர்ஷ்டம் எங்கே வருகிறது? ஒருநாள் விடாமல் பார்க்கிறேன். எனக்குத் தெரியும்."

இந்த 'எனக்குத் தெரியும்' என்ற சொல்லைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். குதிரைமேல் பணம் கட்டுகிறவருக்குக்கூட அடிமனத்தில் ஒரு சந்தேகம் இருக்கும். ஒரு வீட்டுக்குள் அடைபட்டவர்கள் சாப்பிடுவதையும் அழுவதையும் வாரக்கணக்கில் பார்த்தவருக்கு அந்தச் சந்தேகம் எழுவதில்லை. திரையில் தெரிபவர் சொந்தக்காரர்போல ஆகிவிடுகிறார். இந்த ஒருதலை நெருக்கத்தைப் பற்றி ஆய்வாளர்கள் டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள். 1975இல் உளவியலாளர் எலன் லாங்கர் வேறொன்றைக் காட்டினார்: லாட்டரிச் சீட்டைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள் அதைத் திருப்பி விற்க, கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேலான விலை கேட்டார்கள். சீட்டு என்னவோ ஒன்றுதான். ரியாலிட்டி நிகழ்ச்சியில் இன்னொரு கண்ணியும் உண்டு. பார்வையாளரே வாக்களிக்கிறார், ஆகவே முடிவில் தன் கையும் இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்.

அந்தப் பெண்மணிக்குத் தெரிந்தது என்ன? பல கேமராக்கள் நாள் முழுக்கப் பதிவு செய்ததில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை வெட்டி ஒட்டியவர் வேறொருவர். நிமிடக் கணக்குக்கென்று அவர் போட்டு வைத்திருந்த கட்டம் அளந்ததெல்லாம் படத்தொகுப்பாளரின் விருப்பத்தை.

முன்கூட்டியே படமாக்கப்படும் நிகழ்ச்சிகளின் கதை இன்னும் மோசம். பந்தயம் நடக்கும்போதே முடிவு சிலருக்குத் தெரியும். பிரிட்டனின் 'கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' என்ற கேக், ரொட்டி சுடும் போட்டியின் 2017ஆம் ஆண்டு இறுதிச் சுற்று ஒளிபரப்பாவதற்குச் சில மணி நேரம் முன்பு, நடுவர் ப்ரூ லீத் பூட்டானில் இருந்துகொண்டு, நேர வித்தியாசத்தில் குழம்பி, வெற்றியாளரை ட்விட்டரில் வாழ்த்திவிட்டார். அவர் தவறுதலாகச் சொன்னதால் நமக்குத் தெரிந்தது. வாயைத் திறக்காமல் பணம் கட்டுகிறவரை யார் அறிவார்? 1980இல் அமெரிக்கத் தொடர் 'டல்லாஸ்' கதையில் ஜே.ஆர். என்ற பாத்திரத்தைச் சுட்டது யார் என்று லாஸ் வேகாஸில் பந்தயம் ஏற்றபோது, விடை யாருக்கோ தெரிந்த கேள்விக்குப் பந்தயம் கூடாது என்று அந்நகரம் இருக்கும் நெவாடா மாநில அதிகாரிகள் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த அரசாங்க முடிவுகளில் ஒன்று அது.

நேரலை வாக்கெடுப்பு என்றாலும், பல நிகழ்ச்சிகளில் வாக்கு எண்ணிக்கை வெளியே வருவதேயில்லை.

கணக்கையும் ஒருமுறை போட்டுக் காட்டினேன். இறுதிச் சுற்றில் ஐந்து பேர். கட்டிய பணத்துக்கு முறையே 2, 4, 5, 8, 10 மடங்கு கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். யார் வென்றாலும் 100 கைக்கு வரவேண்டுமானால் 50, 25, 20, 12.5, 10 என்று கட்ட வேண்டும். கூட்டினால் 117.5. 117.5 கொடுத்து 100 வாங்குகிற வியாபாரம். "ஐந்து பேர் மேலும் யார் கட்டுவார்கள்?" என்றார். சரிதான். ஆனால் பந்தயம் ஏற்பவரின் கல்லாவில் அத்தனை பேருக்கும் கட்டிய பணம் சேர்ந்துவிடுகிறதே.

அவரை முழுதாகச் சாய்த்தது 'உள்ளிருந்து தகவல்' தருவதாகச் சொன்ன ஒருவன். மூன்று வாரம் இலவசமாக, யார் வெளியேறுவார் என்று சரியாகச் சொன்னான். நான்காவது வாரம் கட்டணம் கேட்டான். இது பழைய வித்தை. வெளியேற்றப் பட்டியலில் இருவர் என்றால், 800 பேரில் பாதிப் பேருக்கு ஒரு பெயர், மீதிப் பேருக்கு மற்றொரு பெயர். தவறான பெயர் போன 400 பேரைக் கைகழுவிவிட்டு அடுத்த வாரம் மீதி 400 பேரை இரண்டாகப் பிரிக்க வேண்டியதுதான். மூன்றாவது வார முடிவில் 100 பேர் அவனைத் தீர்க்கதரிசி என்று நம்புவார்கள். இதைத் தாளில் வரைந்து காட்டியபோது அவர் வெகுநேரம் பேசவில்லை.

சூதாட்டம் கைமீறிவிட்டதா என்று அறிய நான் கேட்கிற கேள்விகள் இரண்டு. 1997இலிருந்து புழக்கத்தில் இருப்பவை. பந்தயத் தொகையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று தோன்றியதுண்டா? எவ்வளவு கட்டினோம் என்று வேண்டியவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்ததுண்டா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் விரிவாகப் பேச வேண்டும். அவர் இரண்டுக்கும் தலையசைத்தார். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு சூதாட்ட நோயை மது, போதைப் பழக்கங்களின் அத்தியாயத்துக்குள் கொண்டுவந்தது. அதைச் சொன்னதும், "டி.வி. பார்ப்பதற்கா இந்தப் பெயர்?" என்று கோபப்பட்டார்.

கோபம் தணிந்த பிறகு தானாகவே ஒன்று சொன்னார். தனக்கு உயிரான போட்டியாளர் வெளியேறிய இரவு அவர் விம்மி அழுதிருக்கிறார். கணவர் தண்ணீர் கொடுத்துத் தேற்றியிருக்கிறார். ஆனால் இழப்பைச் சரிக்கட்ட அன்று அவர் கட்டியிருந்தது, அந்தப் போட்டியாளர் வெளியேறுவார் என்றுதான். பணம் வந்தது. "எதற்கு அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை டாக்டர்."

அந்த வாரமே வங்கிக் கணக்கு விவரங்களைக் கணவரிடம் ஒப்படைத்தார். பந்தயத் தளங்களில் தன்னைத் தானே விலக்கிவைக்கும் விண்ணப்பங்களை என் எதிரிலேயே நிரப்பினோம். தகவல் குழுக்களிலிருந்து வெளியேறினார். கடனுக்குத் தனிப் பட்டியல் போட்டோம். கணவரிடம் முழுத்தொகையைச் சொல்ல அவருக்கு இரண்டு சந்திப்புகள் பிடித்தன. முதலில் சொன்னது பாதிதான். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும், அதனால் குடும்பத்தாரை முன்பே தயார் செய்து வைப்பேன்.

பணம் கட்டாமல் ஓர் எபிசோடைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். சப்பென்று இருந்தது, பாதியில் எழுந்துபோய்விட்டேன் என்றார்.

நோட்டை என் மேசை இழுப்பறையில் விட்டுச் சென்றிருக்கிறார். வீட்டுக்கு எடுத்துப்போக அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை. கிழித்துப்போடவும் மனம் வரவில்லை. அடுத்த சீசன் எந்த வாரம் தொடங்குகிறது என்று பார்த்து, அந்த வாரத்திலேயே அடுத்த சந்திப்பைக் குறித்துக்கொண்டோம்.