ஆறு மாதம் வரை தலைகாட்டாத நோய்

"பிறந்தபோது நன்றாகத்தானே இருந்தான், டாக்டர்?" அரிவாள் செல் சோகை, அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய், என்று சொன்னதும் பெற்றோர் பலர் கேட்பது இதைத்தான். விரல்கள் வீங்கி, குழந்தை வலியில் வீறிட்டு அழுவது பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டித்தான். அதனால் பழி தடுப்பூசி மீதோ, பசும்பால் மீதோ, கண்ணேறு மீதோ விழுகிறது. பிழையான மரபணு கருவிலேயே இருந்தது. அதன் முறை அப்போது வரவில்லை, அவ்வளவுதான்.

கருவில் ரத்தச் சிவப்பணுக்களை நிரப்புவது காமா குளோபின் என்ற புரதம் கொண்ட சிசு ஹீமோகுளோபின். பிறந்த சில மாதங்களில் காமா மரபணுக்கள் ஓய, பீட்டா மரபணு பொறுப்பேற்கிறது. பிழை இருப்பது பீட்டாவில்; அதனால்தான் காமா வேலை செய்யும்வரை நோய் தெரிவதில்லை. காமா மரபணுக்கள் அழிவதில்லை. அவற்றின் தொடக்கப் பகுதியில் சைட்டோசின் என்ற டி.என்.ஏ. எழுத்துகள் மீது மெத்தில் எனும் சிறு வேதித் தொகுதிகள் ஏறுகின்றன, பி.சி.எல்.11ஏ என்ற புரதமும் வந்து அமர்ந்து அவற்றை அடக்குகிறது.

பிழையில்லாத காமாவை, அடக்கியபின் மீண்டும் எழுப்ப முடியுமா? 1982-லேயே அமெரிக்காவில் மெத்திலேற்றத்தைத் தடுக்கும் அசாசைட்டிடின் மருந்தைத் பீட்டா குளோபின் குறையும் தலசீமியா என்ற ரத்த நோய் உள்ளவருக்குக் கொடுத்துச் சிசு ஹீமோகுளோபினை உயர்த்திக் காட்டினார்கள். ஆனால் அந்த மருந்துக்கு இந்த மரபணு, அந்த மரபணு என்ற பேதம் தெரியாது. பி.சி.எல்.11ஏ-வை ஒரேயடியாக நீக்கலாமென்றால், மூளை வளர்ச்சிக்கும் பி வகை வெள்ளணுக்களுக்கும் அது வேண்டும்.

வழி திறந்தது 2013-ல். பி.சி.எல்.11ஏ மரபணுவுக்குள்ளேயே, சிவப்பணுவாக வளரும் செல்களில் மட்டும் அதைத் தூண்டிவிடும் ஒரு சிறு டி.என்.ஏ. பகுதியைக் கண்டறிந்தார்கள். அதைச் சிதைத்தால் சிவப்பணுவில் மட்டும் அடக்குமுறை தளரும்; மூளைக்குச் சேதமில்லை. 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த கேஸ்ஜெவி என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சை வெட்டுவது இந்த இடத்தைத்தான். அமெரிக்க விலை 22 லட்சம் டாலர்! நீலகிரிப் பழங்குடிக் கிராமங்களுக்கு அது எப்போது வந்து சேருமோ. இந்த நோய்க்கூறு (பிழையான மரபணுவைச் சுமக்கும் நிலை) இந்தியாவில் முதலில் பதிவானது, 1952-ல், அந்த மலையில்தான்.

கையில் இருப்பதைப் பார்ப்போம். முகாம்களில் செய்யும் கரைதிறன் சோதனையை (அரிவாள் ஹீமோகுளோபின் கரையாமல் கலங்குகிறதா என்று பார்ப்பது) ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நம்பக் கூடாது. சிசு ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால் நோய் இருந்தும் 'இல்லை' என்று வரலாம். பெற்றோர் இருவரும் நோய்க்கூறு உள்ளவர்கள் என்றால், பிறந்தவுடனேயே ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனை கேளுங்கள். முன்பே தெரிந்தால் இரண்டாம் மாதத்திலிருந்து பென்சிலின் கொடுத்து, உயிர்கொல்லும் தொற்றுகளைத் தடுக்க முடியும்.

'மரபணுவை எழுப்பும் மெத்தில் ஃபோலேட்' என்று ஒரு வகை ஃபோலிக் அமிலச் சத்து மாத்திரையை விற்கிறார்கள். வாங்காதீர்கள். நாங்கள் தரும் ஃபோலிக் அமிலம் புதிய சிவப்பணு உற்பத்திக்கு மட்டுமே. சிசு ஹீமோகுளோபினை உயர்த்தும் மலிவான மாத்திரை ஹைட்ராக்சியூரியா. புற்றுநோய்க்கும் தருவது என்று கேள்விப்பட்டுச் சிலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் சிசு ஹீமோகுளோபின் மீண்டும் இறங்கிவிடும். ரத்த அணு எண்ணிக்கையை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொண்டு தொடருங்கள்.