கேட் திறக்கவில்லையா? ஸ்டிக்கரைப் பிய்ப்பதற்கு முன்

அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் அலுவலக வளாகங்களிலும் தானியங்கி கேட்டுகளைப் பராமரிப்பது என் தொழில். வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை "டேக் போயிடுச்சு சார், புதுசு வேணும்" என்றுதான் தொடங்கும். போய்ப் பார்த்தால் டேக் நன்றாகவே இருக்கும். கார் கண்ணாடியில் ஒட்டும் இந்த ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. கேட்டருகே கம்பத்தில் இருக்கும் ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. தீர்ந்துபோவதற்கு அதில் ஒன்றுமில்லை. கிழிந்தால் கெடும், மடங்கினால் கெடும். மற்றபடி வருடக்கணக்கில் உழைக்கும்.

எனவே வழியை மறிக்கும் கேட்டின் குறுக்குக் கட்டை எழாதபோது முதலில் பார்க்க வேண்டியது, ரீடர் உங்கள் டேக்கைப் படித்ததா என்பதைத்தான். பெரும்பாலான ரீடர்களில் படித்தவுடன் ஒரு 'பீப்' கேட்கும், அல்லது விளக்கு நிறம் மாறும். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் கோளாறு டேக்கிலோ, கண்ணாடியிலோ, ரீடரிலோ இருக்கிறது. பீப் வந்தும் திறக்கவில்லை என்றால் ஸ்டிக்கரைத் தொடவே வேண்டாம், சிக்கல் கேட்டின் கணினிப் பக்கம் இருக்கிறது. அடுத்து வரும் கார் அதே வழியில் தடையில்லாமல் போகிறதா என்று செக்யூரிட்டியிடம் கேளுங்கள். இந்த இரண்டு தகவலோடு கூப்பிட்டால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

படிக்காமல் போவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் ஒட்டிய இடம். இந்தியாவில் இந்த டேக்குகள் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகின்றன. இந்த அலைக்கு உலோகமும் தண்ணீரும் ஆகாது. வெயிலுக்காக ஒட்டும் சில பிலிம்களில் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். சில கார்களில் தொழிற்சாலையிலிருந்து வரும் முன்கண்ணாடியிலேயே அந்தப் பூச்சு உண்டு. அப்படிப்பட்ட கார்களில் ரியர்வியூ கண்ணாடியைச் சுற்றிப் பூச்சில்லாத ஒரு பகுதியை விட்டிருப்பார்கள், டேக் அங்கேதான் ஒட்ட வேண்டும். ஒரு டேக்கின் மேலேயே இன்னொன்றை ஒட்டுவது அடுத்த தவறு. ஆண்டெனாக்கள் ஒன்றையொன்று கெடுத்து இரண்டுமே மந்தமாகிவிடும். நடுவே நாலு விரல் இடைவெளியாவது விடுங்கள்.

கண்ணாடியில் ஒட்டாமல் பர்ஸில் வைத்துக் கையில் தூக்கிக் காட்டுபவர்கள் உண்டு. ஸ்டிக்கரின் ஆண்டெனா கண்ணாடியில் ஒட்டிய நிலைக்காக வடிவமைக்கப்பட்டது. கையில் பிடித்தால், உடம்பில் இருக்கும் நீர் அலையை விழுங்கிவிடும். ஃபாஸ்டேக்கை இப்படிக் கையில் வைத்துக் காட்டினால் கறுப்புப் பட்டியலில் சேர்ப்போம் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் அறிவித்ததும் நினைவிருக்கட்டும். ஒரு காரிலிருந்து பிய்த்து இன்னொன்றில் ஒட்டுவதும் நடக்காது. பிய்க்கும்போதே உள்ளிருக்கும் ஆண்டெனா அறுந்துபோகும்படிதான் பல ஸ்டிக்கர்கள் செய்யப்படுகின்றன.

சரி, பீப் வருகிறது, ஆனால் கட்டை எழவில்லை. இங்கேதான் வேடிக்கை.

பல குடியிருப்புகளில் தனி ஸ்டிக்கர் தராமல் காரில் ஏற்கெனவே இருக்கும் ஃபாஸ்டேக்கின் எண்ணையே பதிவு செய்துகொள்கிறார்கள். நல்ல யோசனைதான். "உள்ளே வரும்போதெல்லாம் காசு பிடிப்பாங்களா?" என்று கேட்காத ஆள் குறைவு. பிடிக்க மாட்டார்கள். நம் கேட் எண்ணை மட்டும் படிக்கிறது, வங்கியோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. கணக்கில் பைசா இல்லாவிட்டாலும் வீட்டு கேட் திறக்கும். ஆனால் ஃபாஸ்டேக்கை வேறு வங்கிக்கு மாற்றினால் புது ஸ்டிக்கர், புது எண். அதை அசோசியேஷன் ஆபீசில் சொல்லாவிட்டால் கேட்டுக்கு நீங்கள் அந்நியர். 2024 மார்ச்சில் ஒரு வங்கியின் ஃபாஸ்டேக்குகளில் பணம் ஏற்றுவதை ரிசர்வ் வங்கி நிறுத்தியபோது ஏராளமானோர் மாற்றினார்கள், கூடவே எங்கள் போனும் ஓயவில்லை. முன்கண்ணாடி உடைந்து மாற்றியவர்களுக்கும் இதே கதைதான்.

இன்னொன்று, உள்ளே இருக்கும் வண்டி வெளியே போகாமல் மறுபடி உள்ளே வர முடியாது என்ற விதி. ஒரே டேக்கை இரண்டு வண்டிக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக வைப்பது. காலை நெரிசலில் செக்யூரிட்டி அண்ணன் இரக்கப்பட்டு ரிமோட்டை அமுக்கிக் கட்டையைத் தூக்கியே வைத்திருப்பார். நீங்களும் போய்விடுவீர்கள். சில இடங்களில் ரிமோட்டில் திறந்தால் வெளியேறியது பதிவாகாது. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள். சாயங்காலம் திரும்பி வந்தால் அனுமதி மறுப்பு! ஆபீசில் அந்த நிலையை ஒருமுறை சரிசெய்தால் போதும். புது டேக் விற்றுக் காசு பார்ப்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

மின்வெட்டுக்குப் பிறகு எல்லோருடைய டேக்கும் ஒரே நேரத்தில் செத்தால் கேட்டைத் திறக்கலாமா என்று முடிவு செய்யும் கண்ட்ரோலர் பெட்டியின் தேதியைப் பாருங்கள். உள்ளே கடிகாரத்துக்கென்று ஒரு சின்ன பட்டன் செல் இருக்கிறது. அது தீர்ந்தால் கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் யாருடைய அனுமதியும் தொடங்கியிருக்காது. புது செல்லின் விலை சில பத்து ரூபாய்தான்.

அபூர்வமாக, ஆனால் உண்மையிலேயே நடப்பது: உங்கள் டேக்கைக் காட்டினால் திரையில் வேறு யாருடைய பெயரோ வரும். ஹேக்கிங் என்று சண்டைக்குப் போக வேண்டாம். டேக்கின் எண் வழக்கமாக 96 பிட் (கணினியின் 0, 1 இலக்கங்கள்) நீளம். ரீடரிலிருந்து கண்ட்ரோலருக்குப் போகும் 26 பிட் வீகண்ட் என்ற பழைய முறையில் எண்ணுக்குக் கிடைப்பது 24 பிட்தான், மிச்சத்தை வெட்டிவிடுகிறது. வெட்டியபின் இரண்டு டேக்குகளுக்கு ஒரே எண் மிஞ்சலாம். ரீடர் அமைப்பை 34 பிட்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் தீரும், ஆனால் எல்லா வண்டியையும் புதிதாகப் பதிய வேண்டியிருக்கும். புதுக் குடியிருப்புகள் முதல் நாளே ஒப்பந்தக்காரரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

டேக் திறக்கவில்லை என்பதெல்லாம் எரிச்சலோடு போகும் விஷயம். கட்டை தலையில் விழுவது அப்படியல்ல. கட்டைக்கு அடியில், தார்ச்சாலையை அறுத்து ஒரு கம்பிச் சுருள் புதைத்திருப்போம். மேலே வண்டியின் உலோகம் நிற்பதை உணர்ந்து கட்டையை இறங்கவிடாமல் பிடித்துவைப்பது அந்த லூப்தான். கேபிளுக்காகவோ குழாய்க்காகவோ அந்த இடத்தைத் தோண்டி லூப்பை அறுத்துவிட்டால் கட்டைக்குக் கண் போய்விடும். தோண்டுவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். முன்னால் போகும் காரோடு ஒட்டிக்கொண்டு நுழைவதையும் விடுங்கள். கார் நகர்ந்ததும் கட்டை இறங்கத் தொடங்கும். பைக்கின் உலோகம் குறைவு என்பதால் நல்ல லூப்பே சில நேரம் அதைக் கவனிக்காது. ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிற்கவைத்துக்கொண்டு கட்டைக்கு அடியில் நிற்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். இருசக்கர வாகனங்களுக்குக் கட்டை இல்லாத ஒரு சின்ன வழி விடச் சொல்லி ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன். இடம் இல்லை என்பார்கள், அங்கேதான் பூந்தொட்டி வரிசையாக இருக்கும்.

கரண்ட் இல்லாதபோது கட்டையைக் கையால் தூக்க, பெட்டிக்குள் ஒரு சாவியோ கைப்பிடியோ உண்டு. இரவுப் பணியில் இருக்கும் செக்யூரிட்டிக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியுமா என இன்றே கேட்டுப் பாருங்கள். ஆம்புலன்ஸ் டேக் ஒட்டிக்கொண்டு வராது.