ஆடிக்காத்துல அம்மி ஏன் பறக்குது?

ஜூலை மாசம் நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலிக்கு பஸ்ல போயிருக்கீங்களா? ஏறும்போது சாரல் அடிச்சுட்டு இருக்கும், ரெண்டு பக்கமும் தென்னை, வாழை, வயல்னு பச்சைப்பசேல்னு இருக்கும், ஆரல்வாய்மொழி தாண்டி கொஞ்ச தூரம் போனா மழையும் இல்ல ஒண்ணும் இல்ல, காஞ்ச தரை, பனைமரம், ஜன்னல் சீட்ல இருக்கவன் கையில இருக்கிற டிக்கெட்டை பிடுங்கிட்டு போற காத்து, அவ்ளோதான்.

எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலை பண்ற வேலை. தென்மேற்கு பருவக்காத்து அரபிக்கடல்ல ஈரத்தை அள்ளிட்டு வந்து மலையில மோதி மேல ஏறுது, ஏற ஏற குளிர்ந்து நீராவி துளியாகி கேரளா பக்கமே கொட்டித் தீர்த்துடுது. நம்ம பக்கம் இறங்கும்போது காத்து அமுங்கி சூடாகுது, ஒரு கிலோமீட்டர் இறங்கினா கிட்டத்தட்ட 10 டிகிரி. சைக்கிளுக்கு பம்ப் அடிச்சா பம்போட அடிப்பக்கம் சுடும்ல, அதே கதைதான். சூடானா மேகம் கரைஞ்சிடும், அப்புறம் எங்க மழை? வால்பாறை பக்கம் சின்னக்கல்லாறு மாதிரி மலை மேலயே இருக்கிற ஊருங்க மட்டும் விதிவிலக்கு, அங்க கொட்டோ கொட்டுனு கொட்டும்.

ஆனா அந்த மலைச்சுவர்ல ஓட்டையும் இருக்கு. பாலக்காட்டுல பெரிய ஓட்டை, சுமார் 30 கிலோமீட்டர் அகலம், அப்புறம் செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. குற்றால சாரல் செங்கோட்டை வழியா நழுவி வர்றதுதான். செடிக்கு தண்ணி விடுற ட்யூப் வாயை கட்டை விரலால அமுக்கினா பீச்சி அடிக்கும் பாருங்க, கணவாய்ல காத்தும் அப்படித்தான் வேகம் எடுக்குது. முப்பந்தல்ல காத்தாடிங்க வரிசையா நிக்கிற காரணம் இதான். இதுல எனக்கு ரொம்ப புடிச்ச கணக்கு ஒண்ணு இருக்கு, காத்தோட வேகம் ரெண்டு மடங்கு ஆனா அதுல இருக்கிற சக்தி ரெண்டு மடங்கு இல்ல, எட்டு மடங்கு! அம்மி பறக்கும்னு சொன்னவங்க ஃபிசிக்ஸ் படிக்கல, ஆனா ரொம்ப தப்பாவும் சொல்லல.

சரி, அப்போ நமக்கு மழை? கேரளாக்காரங்க குடையை மடிக்கிற நேரத்துலதான் நாம விரிப்போம். அக்டோபர் வாக்குல வடக்க நிலம் குளிர ஆரம்பிக்கும், கடல் சீக்கிரம் குளிராது, காத்து திசை மாறி வடகிழக்குல இருந்து வங்கக்கடலைத் தாண்டி ஈரத்தோட நேரா நம்ம கரைக்கு வரும். தமிழ்நாட்டோட வருஷ மழையில கிட்டத்தட்ட பாதி இந்த மூணு மாசத்துலதான், சென்னைக்கு பாதிக்கும் மேல. நடுவுல ஒரு காத்தழுத்த தாழ்வு பகுதி கரைக்குப் பக்கத்துல வந்து உக்காந்துடுச்சுன்னா அவ்ளோதான், 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் பெஞ்சுது.

இன்னொரு விஷயம் கவனிச்சிருப்பீங்க, ஐப்பசி மழை சென்னையில நிறைய நாள் விடியக்காலையிலதான் வெளுத்து வாங்கும். ராத்திரி தரை குளிர்ந்து அங்கிருந்து கடல் பக்கம் லேசா ஒரு காத்து கிளம்பும், அது எதிர்ல வர்ற வடகிழக்கு காத்தோட கரையோரமா முட்டிக்கும், ரெண்டும் சேர்ந்து மேல போய் மேகமாகும். வெயில் ஏறினதும் இந்த முட்டல் ஓஞ்சுடும். அதனாலதான் 5 மணி மழையைப் பார்த்து லீவு விட்ட நாள்ல 10 மணிக்கு பசங்க வெயில்ல கிரிக்கெட் ஆடிட்டு இருக்கானுங்க.