டெல்லியில் அரசியல் அறிவியல்: கல்லூரிப் பெயருக்கு அப்பால் பார்க்க வேண்டியவை

லோதி எஸ்டேட், ஆர்.கே. புரம் தமிழ்ப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளோடு வரும் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “பொலிட்டிக்கல் சயின்ஸுக்கு எந்தக் காலேஜ் சார் ஃபர்ஸ்ட்?” செல்போனில் என்ஐஆர்எஃப் பட்டியல், அதாவது மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசை, தயாராக இருக்கும். அது கல்லூரியை மொத்தமாக எடைபோடும் பட்டியல். வேதியியல் துறை வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளும் சேர்ந்துதான் அந்த இடம் கிடைக்கிறது. அரசியல் அறிவியல் துறை எப்படி என்று அதில் தெரியாது.

அதோடு, டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். இந்து, மிராண்டா ஹவுஸ், ராம்ஜஸ் என்று எங்கே படித்தாலும் அதே பாடங்கள்தான். சரி, அப்புறம் எதில் வித்தியாசம்?

முதலில் டுடோரியல். நான்கு கிரெடிட் (பாடத்தின் எடை அலகு) தாளில் மூன்று விரிவுரைக்கு, ஒன்று டுடோரியலுக்கு. சிறு குழுவாக உட்கார்ந்து, படித்ததை விவாதித்து, எழுதிக் காட்டுகிற நேரம் இது. சில கல்லூரிகளில் இது கால அட்டவணையில் மட்டும் இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி, அங்கே படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவரிடம் ஆசிரியர் திருத்தித் தந்த கட்டுரையைக் காட்டச் சொல்வது. ஓரத்தில் “இதற்கு ஆதாரம்?”, “அம்பேத்கர் இதை எங்கே சொல்கிறார்?” என்று கேள்விகள் இருந்தால் அந்தத் துறையை நம்பலாம். வெறும் டிக்கும் மதிப்பெண்ணும் என்றால் யோசியுங்கள்.

அடுத்தது விருப்பப் பாடங்கள். பல்கலைக்கழகப் பட்டியலில் நிறைய இருக்கும். ஆனால் ஆசிரியர் இருக்கிற பாடத்தைத்தான் கல்லூரி நடத்தும். சென்ற ஆண்டு உண்மையில் எவை நடந்தன, எத்தனை பேர் நிரந்தர ஆசிரியர்கள், நான்காம் ஆண்டு ஆய்வுக்கு வழிகாட்ட யார் இருக்கிறார்கள் என்று துறைக்கே போய்க் கேளுங்கள். சிடுசிடுப்பார்கள், பரவாயில்லை.

தமிழ்நாட்டிலிருந்து நேராக வரும் பிள்ளைகளுக்கு இன்னொன்று. பல கல்லூரிகளில் இந்தி வழி மாணவர்களும் உண்டு. ஒரே அறையில் விரிவுரை பாதியில் இந்திக்குத் தாவிவிடும். ஆங்கில வழிக்குத் தனிப்பிரிவு இருக்கிறதா என்று விசாரிக்காமல் சேராதீர்கள்.

பெயரை மட்டும் வைத்துத் திட்டமிடுகிறவர்களுக்கு இரண்டு தகவல்கள்: செயின்ட் ஸ்டீபன்ஸில் அரசியல் அறிவியல் ஹானர்ஸ் (அதையே முதன்மைப் பாடமாகப் படிப்பது) கிடையாது, பல பாடங்கள் சேர்ந்த பி.ஏ. புரோகிராமில் ஒரு பாடமாகத்தான் வருகிறது. ஜேஎன்யுவில் (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) இந்தப் பாடம் எம்.ஏ.வில்தான் தொடங்குகிறது. “ஐஏஎஸ்ஸுக்கு இதுதானே நல்லது?” என்பவர்களுக்கு: அந்தத் தேர்வு எழுத எந்தப் பட்டமும் போதும்.

கடைசியாக விருப்ப வரிசை. 2022 முதல் டெல்லி பல்கலைக்கழகச் சேர்க்கை க்யூட் என்ற தேசியப் பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்துத்தான். விண்ணப்பத்தில் ஒவ்வொரு வரியிலும் கல்லூரியும் படிப்பும் சேர்ந்தே இருக்கும். பெரிய கல்லூரி என்பதற்காகப் பிள்ளைக்கு விருப்பமில்லாத ஒரு படிப்பை மேலே வைத்து, அது கிடைத்தும் விட்டால், ‘அப்கிரேடு’, அதாவது அடுத்த சுற்றில் இடம் மாறுவது, அதற்கும் மேலே உள்ள வரிகளுக்கு மட்டும்தான். கீழே வைத்த அரசியல் அறிவியல் ஹானர்ஸுக்கு அதன்பின் இறங்கி வர முடியாது.